அடுத்த கட்டத்தில் ஒரு ‘ப்பு’

அலுவலகத்தில் அவனுக்குப் புயல் என்று பெயர். யாருடைய கூரையையும் அவன் பிய்த்ததில்லை. வேகமாக டைப் அடிப்பான், அவ்வளவுதான். மருந்து கம்பெனியின் புகார்ப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், எதிர்முனையில் இருப்பவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் இவன் முடித்துவிடுவான். சில சமயம் முன்கூட்டியே அடித்துவிட்டு, அவர் அதைச் சொல்லட்டும் என்று காத்திருப்பான். திரையைப் பார்க்கவே மாட்டான். திரையைப் பார்த்து டைப் அடிப்பவனும் விரல் விட்டுக் கூட்டல் போடுபவனும் ஒரே சாதி என்பது அவன் கட்சி. வேலை நேரம் முழுக்க அவன் பார்வை எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரின் மேலேயே இருக்கும். சிலிண்டருக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

பக்கத்து இருக்கைக்காரிக்கு ஒத்தவிரல் என்று பெயர். விசைப்பலகையைப் பார்ப்பாள், ஒரு எழுத்தைக் குத்துவாள், திரையைப் பார்ப்பாள், அது வந்துவிட்டதா என்று உறுதி செய்துகொண்டு அடுத்த எழுத்தைத் தேடுவாள்.

“நீ ஒரு புகாரைப் பதிஞ்சு முடிக்கிறதுக்குள்ள அந்த ஆளுக்கே குணமாயிடுது” என்பான் புயல்.

“அப்போ நான்தான் மருந்து. சம்பளத்தை ஏத்தச் சொல்லு” என்பாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வருகிற அழைப்பில் முக்கால்வாசி மூட்டு மாத்திரையைப் பற்றித்தான். கத்திரிப்பூ நிறத்தில், நீள்வட்டமாக, பார்த்தால் சட்டையில் தைத்துக்கொள்ளலாம் போல இருக்கும். சந்தைக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீங்கின முழங்கால் வற்றியது, மடங்கின விரல் நிமிர்ந்தது என்று நன்றி சொல்லவும் கூப்பிட்டார்கள். நன்றிக்குப் படிவத்தில் கட்டம் இல்லாததால் அவை பதிவாகவில்லை.

பிறகு வேறு மாதிரி அழைப்புகள் வர ஆரம்பித்தன.

“யாரோ பின்னாடியிருந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க சார்” என்றார் முதலில் ஒருவர்.

“யாருங்க?”

“என் பொண்டாட்டி குரல்தான். ஆனா அவ என் எதிர்ல உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டிருக்கா.”

அதற்கப்புறம் நடந்தது அவருக்குத் தெரியவில்லை. மனைவியே போனை வாங்கிச் சொன்னாள்: “வர்றேன்னு சொன்னாருங்க. யாருக்குச் சொன்னாருன்னு தெரியல. கண்ணு அப்படியே நின்னுடுச்சு. சட்டை பட்டனைத் திருகுறாரு, திருகுறாரு. அப்புறம் கீழ விழுந்து கையும் காலும் வெட்டி இழுத்துச்சு. வலிப்புன்னாங்க. எங்க பரம்பரையிலேயே கிடையாதுங்க.”

அடுத்த வாரம் இன்னொருவர். அதற்கடுத்து ஒரு டீச்சர். ஊர் வேறு, வயது வேறு, கதை ஒன்றுதான்: முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், ‘வர்றேன்’ என்று ஒரு பதில், பட்டன், விழுதல். செத்தவர்கள் யாரும் வந்து கூப்பிட்டதாகப் புகார் இல்லை. அப்படியாவது இருந்தால் வழக்கமான பேய் என்று பயந்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். கூப்பிட்டவர்கள் எல்லோரும் உயிரோடு, அதே வீட்டில், வேறு திசையில் இருந்தார்கள்.

“மூட்டு மாத்திரை வாங்கினா பேய் இலவசம்” என்றாள் ஒத்தவிரல். சிரித்தார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

குரலுக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. வலிப்புக்கு உண்டு. புயல் ஒவ்வொரு முறையும் சிலிண்டரைப் பார்த்தபடி ‘வலிப்பு’ என்று அடித்தான். அடித்தான் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

*

வீட்டில் அவனும் அக்காவும்தான். அக்கா அவனைவிட எட்டு வயது மூத்தவள். தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். நாற்பது பேரைப் பின்னால் வைத்துக்கொண்டு, எதிரே வருகிற லாரிக்காரனை ஜன்னல் வழியாகத் திட்டி ஒதுங்கவைப்பதில் ஊரில் பெயர் எடுத்தவள். அந்தக் கைகளில்தான் ஐந்து வருஷமாக முடக்குவாதம். காலையில் விரல்கள் பூட்டிக்கொள்ளும். சுடுதண்ணீரில் முக்கி எடுத்தாலும் ஸ்டீயரிங் பிடிக்கிற அளவுக்குத்தான் திறக்கும். சட்டைப் பட்டன் போடுகிற அளவுக்குத் திறக்காது. யூனிபார்ம் பட்டனைத் தம்பிதான் போட்டுவிடுவான். கடைசிப் பட்டனுக்கு வரும்போது இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கத்திரிப்பூ மாத்திரையைப் போட ஆரம்பித்த மூன்றாவது வாரம், அக்கா தானே பட்டன் போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்து நின்றாள். அவன் டீயில் சர்க்கரை இரண்டு மடங்கு போட்டுவிட்டான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் டாக்டர் ஒரு வேளையை இரண்டு வேளை ஆக்கினார். கம்பெனியிலிருந்தே கடிதம் வந்திருக்கிறது, பலருக்கு ஒரு வேளை போதவில்லையாம் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணி இருக்கும். அக்கா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். அவன் எதிரே தரையில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான்.

“வர்றேன்டா” என்றாள் அக்கா.

“எங்கக்கா?”

“சமையக்கட்டுலேர்ந்து கூப்பிட்டியே.”

“நான் உன் முன்னாடி இருக்கேன்.”

அக்கா அவனைப் பார்த்தாள். சமையலறைக் கதவைப் பார்த்தாள். “அப்போ அங்க யாரு?” என்று, விருந்தாளியைப் பற்றி விசாரிப்பது போலச் சாதாரணமாகக் கேட்டாள்.

அவ்வளவுதான். முகம் நின்றுவிட்டது. தூங்கும் முகமும் இல்லை, யோசிக்கும் முகமும் இல்லை. ஆள் எழுந்து போய்விட்டு முகத்தை மட்டும் நாற்காலியில் வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. உதடுகள் எதையோ ருசி பார்ப்பது போலச் சப்புக் கொட்டின. வலது கை தானாக மேலேறி, கழுத்துப் பட்டனைக் கண்டுபிடித்து, திருக ஆரம்பித்தது.

அவனுக்கு இது தெரியும். பார்த்ததில்லை. ஆனால் எத்தனையோ பேர் அவன் காதில் இதை ஒரு விவரம் விடாமல் சொல்லியிருக்கிறார்கள்.

முக்கால் நிமிஷம். பிறகு அக்கா பேப்பரைத் திருப்பினாள். “என்னடா பேய் அறைஞ்ச மாதிரி பார்க்குறே? நகமெல்லாம் தரையில விழுது பார்.”

“அக்கா, ஒரு நிமிஷம் நீ இங்க இல்ல.”

“பின்ன, கக்கூஸ் போயிட்டு வந்தேனா?”

“மாத்திரையை நிறுத்தணும்கா. நாளைக்கு வண்டி எடுக்காதே.”

அக்கா பேப்பரை மடித்து மடியில் வைத்தாள். “நிறுத்திட்டு? மறுபடி நீ பட்டன் போட்டு விடுவியா? எனக்கு நாப்பது ஆகப்போகுது. உன் கம்பெனி மாத்திரைதானே? எத்தனை பேருக்கு இப்படி ஆச்சு, காட்டு. உன் கம்ப்யூட்டர்ல இருக்கும்ல? எழுத்துல கொண்டா. பார்த்துட்டு நானே சாவியைக் குடுத்துடறேன்.”

“அதுவரைக்கும்?”

“நாளைக்கு ரெண்டு மணி ஷிப்ட். அதுவரைக்கும் உனக்கு டைம்” என்றாள். நாற்பது பேரை ஏற்றி இறக்குகிறவள். நேரம் சொன்னால் சொன்னதுதான்.

*

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் புயல் தேடல் கட்டத்தில் ‘வலிப்பு’ என்று போட்டான். மூட்டு மாத்திரை, கடந்த எட்டு மாதம்.

இரண்டு.

இரண்டு என்பது எண்ணிக்கைதானா, வேறு ஏதாவது பிழைக் குறியா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டையும் திறந்தான். இரண்டும் ஒத்தவிரல் பதிந்தவை. அவன் பதிந்தது ஒன்றுகூட இல்லை. வெங்காயம் உரித்த பெண் இல்லை. டீச்சர் இல்லை.

வெங்காயக்காரியின் போன் நம்பரைப் போட்டுத் தேடினான். பதிவு இருந்தது. புகார் என்ற கட்டத்தில் ‘வலி’ என்று இருந்தது. அதற்கு அடுத்து, குறிப்பு என்ற கட்டம், காலியாக. தேதி நான்கு மாதம் முந்தையது.

போன வாரம் பேசிய ஒருவரின் பதிவைத் திறந்தான். புகார்: வலி. குறிப்பு: ப்பு.

அடுத்தது. புகார்: வலி. குறிப்பு: ப்பு.

அடுத்தது. ப்பு. அதற்கடுத்தது. ப்பு. கீழே தள்ளத் தள்ள, இருட்டறையில் யாரோ வரிசையாக மெழுகுவர்த்தி அணைத்துக்கொண்டே போவது போல, ப்பு, ப்பு, ப்பு.

வேலையில் சேர்ந்த பிறகு முதன்முறையாகப் புயல் திரையைப் பார்த்துக்கொண்டே டைப் அடித்தான். வ. லி. அவ்வளவுதான், அதிகம் வருகிற புகார் அதுதானே என்று, மென்பொருள் பந்திக்கு முந்தின ஆள் மாதிரி ‘வலி’ என்று தானே நிரப்பிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குத் தாவிவிட்டது. அவன் விரல்கள் நிற்கவில்லை. மிச்ச எழுத்துகள் அடுத்த கட்டத்தில் போய் விழுந்தன.

“உனக்கு இப்படித் தாவலையா?” என்று ஒத்தவிரலைக் கேட்டான். குரல் அவனுடையது போலவே இல்லை.

“தாவும். பார்த்துட்டுத் திரும்ப வந்து மாத்துவேன். எட்டு மாசமா தாவுது, புது மென்பொருள் போட்டதுலேர்ந்து. ஏன், நீ பார்க்கல?”

பார்க்கவில்லை. வேகமானவன் என்பதால் மூட்டு மாத்திரை அழைப்பை எல்லாம் அவனுக்கே தள்ளிவிடுவார்கள்.

பிரிவுத் தலைவருக்குச் சராசரி சார் என்று பெயர். எதைச் சொன்னாலும் மாதச் சராசரியோடுதான் சொல்வார். அவர் மகன் பரீட்சையில் தோற்றபோதுகூட, போன வருஷத்தோடு சேர்த்துப் பார்த்தால் பாஸ்தான் என்றவர். புயல் போய் நின்றபோது அவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

“ஓ, அந்த ‘ப்பு’வா? பார்த்திருக்கோமே. ஏதோ கை பட்டு விழற குப்பைன்னு மாசக் கடைசியில துடைச்சிடுவோம். இந்த மாசத்தது இன்னும் துடைக்கல.”

“அது குப்பை இல்ல சார். அது வலிப்போட வால்.”

சார் டீயைக் கீழே வைத்தார். புயல் சொல்லி முடிக்கிற வரைக்கும் அதைத் திரும்ப எடுக்கவில்லை.

“வலின்னு பதிவானவங்களுக்கு நாம என்ன அனுப்புறோம் சார்?”

“வலி தொடர்ந்தா ரெண்டு வேளையா எடுத்துக்கலாம், டாக்டரைக் கேளுங்கன்னு ஒரு கடிதம். தானாவே போயிடும். டாக்டருங்களுக்கும் ஒண்ணு.” சார் நிறுத்தினார். “வலி குறையலன்னு இத்தனை பேர் சொல்றாங்களேன்னுதானே அந்தக் கடிதமே போட்டோம்…”

வலிப்பு வந்து விழுந்தவர்களுக்கு, விழ வைத்ததாக இருக்கக்கூடிய மாத்திரையை இன்னொன்று சேர்த்துப் போடச் சொல்லி, கம்பெனி முத்திரையோடு கடிதம் போயிருக்கிறது. அதில் ஒன்று அக்காவின் டாக்டருக்கும்.

“மாத்திரையாலதான்னு உறுதியா சொல்ல முடியாதுப்பா” என்றார் சார், பழக்கதோஷத்தில். பிறகு அவரே, “இல்லைன்னும் சொல்ல முடியாது. இந்த மாசம் எத்தனை?”

“முப்பத்தேழு.”

சராசரி சார் அதை எதனாலும் வகுக்கவில்லை. “ஒவ்வொருத்தரையா கூப்பிடு. என்ன நடந்துச்சுன்னு கேளு, மறுபடி வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கச் சொல்லு, மாத்திரையோட உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்லு. கடிதத்தை நான் நிறுத்துறேன். அப்புறம் மேல போய்ச் சொல்றேன்” என்று எழுந்தார். செருப்பைப் போட மறந்துவிட்டுப் படி ஏறினார்.

*

பதினேழாவது அழைப்பு ஒரு ஓய்வுபெற்ற சர்வேயருக்கு. குரல் கணீரென்று இருந்தது.

“தனியாத்தான் இருக்கேன் தம்பி. மகள் வேலைக்குப் போயிட்டா. சாயங்காலம்தான் வருவா. ஆமா, ரெண்டு வேளைதான் போடுறேன், உங்க லெட்டர் வந்துச்சே. முழங்கால் அருமையா இருக்கு. அன்னைக்கு விழுந்தது மட்டும்… ஒரு நிமிஷம் இருங்க, மகள் கூப்பிடுறா.”

புயல் உட்கார்ந்த இடத்தில் நிமிர்ந்தான்.

“ஐயா, வீட்டில யாரும் இல்லைன்னீங்களே.”

“ஆமா தம்பி, யாரும் இல்ல” என்றார் பெரியவர், மிகவும் பொறுமையாக. “வர்றேம்மா” என்று தள்ளிச் சொன்னார்.

பிறகு போனில் பேச்சு இல்லை. ஏதோ ஒன்று துணியில் உரசிக்கொண்டே இருந்தது. விட்டு விட்டு, சின்னதாக, சீராக. பட்டன். அப்புறம் நாற்காலி நகர்ந்தது. கனமாக ஏதோ விழுந்தது. தரையில் குதிகால் அடித்துக்கொள்வது போல ஒரு சத்தம், வேகமாக, தாளம் தப்பாமல்.

ஒத்தவிரல் இன்னொரு போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். விலாசத்தை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அன்றைக்கு அது யாருக்கும் மெதுவாகத் தெரியவில்லை. புயல் கேட்டுக்கொண்டே இருந்தான். தாளம் குறைந்தது. நின்றது. நீளமான ஒரு மூச்சு. கதவு, ஆட்கள், ஸ்ட்ரெச்சர் சக்கரம். கடைசியில் பெரியவரின் குழறின குரல், போனுக்கு மிக அருகில்: “ஹலோ, யாருங்க?”

மணி ஒன்று பத்து.

அக்காவுக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. வண்டி எடுக்கப் போகும்போது போனைப் பையில் போட்டுவிடுவாள், ஒழுங்கான டிரைவர். புயல் மிச்ச அழைப்புகளை ஒத்தவிரலிடம் விட்டுவிட்டு, முப்பத்தேழு வரியை அச்செடுத்துக்கொண்டு படியில் இறங்கி ஓடினான்.

*

டிப்போவில் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. கடைசி வரிசை தவிர ஆட்கள் ஏறிவிட்டார்கள். அக்கா டிரைவர் இருக்கையில், கழுத்து வரை பட்டன் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“அக்கா, இறங்கு.”

“வந்துட்டியா? எழுத்துல கொண்டாந்தியா?”

அவன் தாளை நீட்டினான். அவள் மேலிருந்து கீழே பார்த்தாள். “என்னடா இது? வலி, ப்பு, வலி, ப்பு… யாரை ஊதிக் காட்டுறே?”

“நான் பண்ண தப்புக்கா. எல்லாம் வலிப்பு. நான்தான் பார்க்காம அடிச்சேன்.”

“அக்காவை வீட்டுல உக்கார வைக்கணும்னா நேரா சொல்லுடா. இப்படித் துண்டு துண்டா…” என்றாள். ஆனால் தாளைத் திருப்பித் தரவில்லை. மறுபடி பார்த்தாள். பின்னால் யாரோ, “அக்கா, நேரமாச்சு” என்றார்கள். விரல்கள் கியரின் மேல் இருந்தன, நீளமாக, நிமிர்ந்து, வலி என்றால் என்னவென்றே தெரியாத விரல்கள் மாதிரி.

“இந்தக் கை எனக்குத் திரும்பக் கிடைச்சு ஆறு மாசம் ஆகலடா” என்றாள் மெதுவாக.

“தெரியும்கா.”

“உனக்குத் தெரியாது.”

சட்டென்று அவள் இடப்பக்கம் திரும்பி, பஸ்ஸின் கடைசி வரிசையைப் பார்த்தாள். அங்கே யாரும் இன்னும் உட்காரவில்லை. தம்பி அவளுக்கு முன்னால், படியில், கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

“இங்க நின்னு பேசிக்கிட்டே இருந்தே” என்றாள் கடைசி வரிசையிடம். “அங்க போய் நின்னுக்கிட்டு எதுக்குடா கூப்பிடுறே?”

புயல் பார்த்தான். அவனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. காலி இருக்கைகள். ஜன்னல் வெயில். ஒரு கணம், தான் உண்மையிலேயே எங்கே நிற்கிறோம் என்று அவனுக்கே சந்தேகம் வந்தது.

“வர்றேன்” என்றாள் அக்கா. கை பட்டனுக்குப் போனது.

அவன் எட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். அவள் சரிந்தபோது தோளில் தாங்கினான். இருக்கைக்கும் படிக்கும் நடுவில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே தன் பையை வைத்தான். காலையிலிருந்து பதினாறு பேருக்குப் போனில் சொன்னது, கை தானாகச் செய்தது. அக்காவின் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. இரண்டு நிமிஷம். அவன் கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தான். பார்க்க வேண்டியதைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

கண் திறந்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி, “வண்டியை யாரு நிறுத்தினது?”

*

மாற்று டிரைவருக்கு ஆள் போயிற்று. அக்கா டைம்கீப்பர் அறையில், கையில் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். உதட்டோரம் கடிபட்டிருந்தது. டைம்கீப்பர் நல்ல மனிதர், பதிவேட்டைத் திறந்தார்.

“மாத்து டிரைவர் போட்டா காரணம் எழுதணும். கை வலின்னு போட்டுடறேன்மா. உன் கையோட கதை டிப்போவுக்கே தெரியும். ஒரு நாள் லீவோட போயிடும்.” எழுத ஆரம்பித்தார். “வேற எதாவது போட்டா லைசென்ஸ் மெடிக்கல் போர்டுக்குப் போகும். அப்புறம் எப்போ திரும்புமோ.”

“ஆமாண்ணே” என்றாள் அக்கா. “வலிதான்.”

அவர் பேனா ‘லி’யின் கொக்கியை முடித்துவிட்டு நின்றது.

“இன்னும் ரெண்டு எழுத்து இருக்குங்க” என்றான் புயல்.

அக்கா அவனைப் பார்த்த பார்வைக்கும் படிவத்தில் கட்டம் கிடையாது. “வாயை மூடுடா” என்றாள். “அது என் பொழைப்பு.”

“நான் பார்த்தேன்கா. நீ பார்க்கல. உனக்கு ஒண்ணுமே தெரியல. பின்னாடி நாப்பது பேர் இருந்தாங்க.”

வெளியே மாற்று டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தான். அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து, யாருடையவோ கைகளைப் போல, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுதுங்கண்ணே” என்றாள். “இவன் சொல்றதுக்காக இல்ல. எஞ்சினை நிறுத்தினது எனக்கு ஞாபகமே இல்ல. அதுக்காக.”

டைம்கீப்பர் ‘கை’யைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மிச்ச எழுத்துகளை எழுதினார். எழுதும்போது யாரையும் பார்க்கவில்லை.

“வாடா” என்று அக்கா எழுந்தாள். தம்பி ஆட்டோ பிடிக்கிறேன் என்றான். “ஆட்டோ எதுக்கு? இந்த வண்டி ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கும். எனக்குத் தெரியாதா.” டிரைவர் கதவுப் பக்கம் போனவள் நின்று, திரும்பி, ஆட்கள் ஏறுகிற கதவு வழியாக ஏறினாள். மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், அவன் பக்கத்தில்.

மாற்று டிரைவர் கியரோடு இரண்டு தடவை மல்லுக்கட்டினான். வண்டி குலுங்கி, ஒரு அடி போய் நின்றது. “போலாங்களா?” என்று கண்ணாடியில் கேட்டான். பஸ் முழுக்க, பழக்கத்தில், அக்காவைப் பார்த்தது.

அவள் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, “ஹேண்ட்பிரேக்கை எடுய்யா முதல்ல” என்றாள்.